சயாம் இரயில்பாதையும் ஆறாத நோயும்: ஜொகூர்த் தோட்டத் தமிழர் நோக்கில் போர்க்கால நோய் இழப்பீடு

போரில் காலை இழந்தவர்க்கு அவ்விழப்பே சான்றாகும். போர் முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து இதயம் தளர்ந்தவர்க்கும், பாதங்கள் மரத்துப்போனவர்க்கும், வயிற்றுக் கடுப்பும் தோல் தடிப்பும் விட்டுவிட்டுத் தோன்றுபவர்க்கும் நிலை வேறு. இந்நோய் போரினால் வந்ததா, முதுமையால் வந்ததா, வறுமையால் வந்ததா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை தரும் பொறுப்பு நோயாளியுடையதா, அரசினுடையதா என்பது அதனினும் பெரிய வினா. போர்ப்பணியால் விளைந்த நெடுநோய்களுக்கு இழப்பீடு கோரும் விண்ணப்பங்கள் எந்நாட்டில் எழுந்தாலும் இவ்விரு வினாக்களையே சுற்றி வருகின்றன.

சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜொகூர்த் தோட்டத் தமிழர்களை முன்னிறுத்தி இச்சிக்கலை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. அவர்கள் படைவீரர் அல்லர். ஆயினும், ஒரு படையின் ஆணைக்குக் கீழ், அப்படையின் தேவைக்காக, போர்க்கைதிகளான படைவீரர்களுக்குப் பக்கத்திலேயே உழைத்தனர். மண்ணும் மழையும் கொசுவும் இரு திறத்தார்க்கும் ஒன்றே. அக்கைதிகளின் உடலில் அக்காடு விட்டுச் சென்ற நோய்கள் பின்னாளில் எண்ணப்பட்டன, பெயரிடப்பட்டன, அவற்றிற்கு ஓய்வூதியமும் வழங்கப்பட்டது. தோட்டத்திற்குத் திரும்பிய தமிழனின் உடல் அவ்வாறு எண்ணப்படவில்லை. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதே நாம் ஈண்டுக் காண விழைவது.

ஜொகூரிலிருந்து பான் போங் வரை

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலாயாவின் இரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் பால்மரம் வெட்டும் வேலை குறைந்தது. அரிசி கிடைப்பதும் அரிதாயிற்று. ஜொகூரில் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என இரயில் தடத்தை ஒட்டியே தோட்டங்கள் பல இருந்தன. ஆட்களைத் திரட்டி வடக்கே அனுப்புவதற்கு இது வாய்ப்பாக அமைந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலேய, ஆஸ்திரேலியக் கைதிகளை ஏற்றிய சரக்கு வண்டிகளும் இந்நிலையங்களைக் கடந்தே சயாமுக்குச் சென்றன.

சயாமின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தன்பியூசயாத்தையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையை 1943ஆம் ஆண்டிற்குள் முடித்துவிடச் சப்பானியப் படை முனைந்தது. கைதிகளின் உழைப்பு மட்டும் போதாமையால் 1943இன் முற்பகுதி தொடங்கி மலாயாத் தோட்டங்களில் பெருமளவில் ஆள் திரட்டினர். மூன்று மாத ஒப்பந்தம், நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, இலவச உணவு, உறைவிடம் என்று முதலில் ஆசை காட்டப்பட்டது. அதனை நம்பிப் போனவர் உண்டு. ஆட்கள் போதாதபோது தோட்டத்திற்கு இத்தனை பேர் எனக் கணக்குக் கேட்கப்பட்டது. இலவசப் படக்காட்சி என்று மக்களைக் கூட்டி, வந்தவர்களை வண்டியேற்றியதும் உண்டு. மூன்று மாதம் என்பது வெறும் சொல்லாகவே போயிற்று. பெரும்பாலோர் திரும்புவதற்குப் போர் முடியவேண்டியிருந்தது.

மலாயாவிலிருந்து சென்றோர் 75,000க்கும் மேற்பட்டவர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பர்மியர், சாவகர், சீனர், மலாய்க்காரர் முதலானோரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் 180,000க்குக் குறையார். மாண்டவர் ஏறத்தாழ 90,000 எனப்படுகிறது. இவை மதிப்பீடுகளே. கைதிகளைப் பற்றிய கணக்கோ இத்தகையதன்று. ஏறத்தாழ 60,000 பேருள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதோடு, அவர்களுள் ஒவ்வொருவரும் யார், எந்நாளில், எம்முகாமில், எந்நோயால் மாண்டார் என்பதும் பெரும்பாலும் தெரியும். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாகத் துயில்கின்றனர். அதே காஞ்சனபுரியில் 1990ஆம் ஆண்டு ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை எனக் கருதப்பட்டன. பெயர் எவர்க்கும் இல்லை. பின்னாளைய இழப்பீட்டுச் சிக்கலின் வேர் இப்பெயரின்மையிலேயே உள்ளது.

காடு உடலுள் விட்டுச் சென்றவை

முகாம்களில் கண்ட நோய்களுள் காலரா விரைந்து கொன்றது. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அது பரவியபோது தொழிலாளர் முகாம்களே பேரழிவிற்கு உள்ளாயின. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும், கழிப்பிடத்தைத் தள்ளி அமைக்கவேண்டும் என்னும் கட்டளைகளை ஓரளவேனும் நடைமுறைப்படுத்த அவர்களால் இயன்றது. தொழிலாளர்க்கு அத்தகைய அமைப்பு ஏதும் இல்லை. 1943 ஜூன் மாதத்தில் சாங்கியிலிருந்து 'கே' படை என்னும் பெயரில் 230 கைதிகளையும், ஆகஸ்டில் 'எல்' படை என்னும் பெயரில் மேலும் 115 பேரையும் மருத்துவப் பணிக்கெனத் தொழிலாளர் முகாம்களுக்குச் சப்பானியர் அனுப்பினர். பல்லாயிரவர்க்கு இவர்கள் எம்மட்டு? அதுவும் கொள்ளைநோய் பரவிய பின்னரே வந்தனர்.

காலராவினின்று பிழைத்தவர்க்கு அது அத்துடன் முடிந்த நோயாகும். இழப்பீட்டு நோக்கில் கருதத்தக்கவை முடியாத நோய்கள். தீட்டிய அரிசியையே உண்டதால் பி1 உயிர்ச்சத்துக் குறைந்து பெரிபெரி வந்தது. அது கால்களை வீங்கச் செய்ததோடு நில்லாது இதயத்தையும் நரம்பையும் தாக்கியது. உணவுக் குறைவால் கண் நரம்பு கெட்டு, படிக்கும் பார்வையை இழந்தவர் பலர். மூங்கில் முள் கீறிய சிறு காயமும் வெப்பமண்டலப் புண்ணாகி எலும்பு வரை அரித்தது. ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணின் தழும்பில் பின்னாளில் தோற்புற்று தோன்றக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. மலேரியாவுள் ஒரு வகை ஈரலில் மறைந்திருந்து மீண்டும் மீண்டும் தலைகாட்டும் இயல்புடையது.

இவற்றுள் நம் வினாவிற்கு மிகவும் பொருந்துவது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஸ்டெர்கோராலிஸ் என்னும் நூல்போன்ற குடற்புழுவாகும். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து இதன் இளம்புழு உடலுள் நுழைகின்றது. குடற்புழுக்கள் பல சில ஆண்டுகளில் மடிந்துவிடும். மீண்டும் தொற்றினாலன்றி நோய் தொடராது. இப்புழுவோ உடலுக்குள்ளேயே இனம்பெருக்கி, அதே உடலை மீண்டும் தொற்றும் ஆற்றல் உடையது. ஆதலின் ஒருமுறை புகுந்தால், மருந்து கொடாதவரை, வாழ்நாள் முழுதும் உடன் வாழும். இடுப்பிலும் தொடையிலும் திடீரெனத் தோன்றி, சில மணி நேரத்தில் நகர்ந்து, பின் மறையும் அரிப்புத் தடிப்பு இதன் அடையாளம். வேறு துன்பம் பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம். ஆனால், ஆஸ்துமா போன்ற பிறிதொரு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து கொடுத்து உடலின் எதிர்ப்பாற்றல் தாழும்போது, இப்புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவி உயிரைக் கவர்ந்துவிடும். அறுபது ஆண்டுக்கு முன் நடந்த சேறு, முதுமையில் ஒரு மருந்துச்சீட்டின் வழியே கொல்லக்கூடும்.

லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கழகம் 1968 முதல் 2002 வரை பரிசோதித்த முன்னாள் தூரகிழக்குக் கைதிகள் 2,072 பேருள் 248 பேரிடம், அதாவது நூற்றுக்குப் பன்னிருவரிடம், இப்புழு காணப்பட்டது. பர்மா இரயில்பாதையில் உழைத்தவர்களிடமே தொற்று மிகுந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் 1980இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட முன்னாள் கைதிகள் 160 பேருள் நால்வருக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் மேலாக இது காணப்பட்டது. போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த எண்ணிக்கை இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கைதிகள் சப்பாத்து கிழிந்த பின்னரே வெறுங்காலோடு நடந்தனர். தமிழர் முதல் நாளிலிருந்தே அவ்வாறு நடந்தனர். அவர்களிடம் தொற்று குறைந்திருக்க வழியில்லை என்பது எம் கருத்து.

மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

நோயாளியே தன் நோயின் தோற்றுவாயை ஐயமற மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் கூறுமாயின் முன்னாள் வீரர் பெரும்பாலோர் தோற்பர். ஆவணம் எரிந்திருக்கும், மருத்துவர் மறைந்திருப்பார், நோய் வெளிப்பட நாளாகியிருக்கும். இதனை உணர்ந்த நாடுகள் சுமையை இடம் மாற்றின.

பிரிட்டனின் போர் ஓய்வூதிய முறையில், பணி நீங்கி ஏழு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பித்தவர்மேல் இல்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின்னரும், நம்பத்தக்க சான்றின்வழி நியாயமான ஐயம் எழுமாயின் அவ்வையத்தின் பயன் அவர்க்கே. கைதி முகாம் மருத்துவர்கள் மறைத்துவைத்த குறிப்புகள் இங்கே பெரிதும் பயன்பட்டன. ராபர்ட் ஹார்டி, எட்வர்டு டன்லப் முதலியோர் காவலரின் கண்ணுக்குத் தப்பிக் காத்த நாட்குறிப்புகள் பின்னர் நூலாகவும் வந்துள்ளன. லிவர்பூலில் பெற்ற மருத்துவ அறிக்கைகளும் ஓய்வூதிய விண்ணப்பங்களுக்குத் துணைநின்றன.

அமெரிக்கா இன்னும் ஒரு படி முன்சென்றது. சயாம்–பர்மாப் பாதையில் அமெரிக்கக் கைதிகளும் சில நூற்றுவர் உழைத்தனர். முன்னாள் கைதிகளுக்கெனச் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவை வந்தால் சிறைவாழ்வினால் வந்தனவாகவே கொள்ளவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1981இல் அது விரிவாக்கப்பட்டது. பெரிபெரி, நெடுநாள் வயிற்றுக்கடுப்பு, குடற்புழு நோய், ஊட்டக்குறைவு, அதனால் நேர்ந்த கண் நரம்புச் சிதைவு ஆகியன அப்பட்டியலில் உள்ளன. பெரிபெரி வழிவந்த இதயநோயும் பின்னர் இடம்பெற்றது. முப்பது நாள்களுக்குக் குறையாமல் சிறையிருந்தார் என்பது தெரிந்தால் போதும். அக்காலத்தில் அந்நோய் இருந்ததற்குப் பதிவேடு வேண்டுவதில்லை. எத்தனை ஆண்டு கழித்து வெளிப்பட்டாலும் தடையில்லை. இதனை 'ஊகக் கொள்கை' எனலாம். வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட இலையுதிர் நஞ்சினால் விளைந்த நோய்களுக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இதே கொள்கை பின்பற்றப்பட்டது. (அத்தகைய மருந்துகளுள் ஒன்றை வியட்நாமிற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், அவசரகால மலாயாவின் சாலையோரங்களில் பிரிட்டிஷார் தெளித்தனர். அது தனியே ஆராயத்தக்கது.)

ஊகக் கொள்கை நமக்குப் புதியதும் அன்று. நம் நாட்டின் 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டமே, நாம் சொக்சோ என வழங்குவது, தொழில்நோய்களை ஓர் அட்டவணையில் தொகுத்துள்ளது. குறித்த தொழிலில் இருந்தவர்க்குக் குறித்த நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அது தொழிலால் வந்ததாகவே கொள்ளப்படும். ஆனால், அச்சட்டத்திற்கு ஒரு முதலாளி வேண்டும். 1943இல் கொன்கொய்த்தாவில் மண் சுமந்தவனுக்கு முதலாளி யார்? தோட்ட நிர்வாகமா, அவனைப் பிடித்துக் கொடுத்த இடைத்தரகனா, தோற்றுக் கலைந்துபோன ஒரு படையா?

தோட்டமே மறைத்த சான்று

இவ்விடத்தில் ஒரு நுட்பமான தடையைச் சுட்டவேண்டும். லிவர்பூல் மருத்துவர்க்கு நோயின் தோற்றுவாயை அறிதல் எளிதாயிருந்தது. இங்கிலாந்தின் குளிரில் வாழும் ஒரு முதியவரிடம் வெப்பமண்டலப் புழு காணப்பட்டால் அது எங்கிருந்து வந்தது என வாதிடத் தேவையில்லை. அவர் வேறெங்கும் அதனைப் பெற்றிருக்க இயலாது.

லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்த முதியவரின் நிலை அத்தகையதன்று. கொக்கிப்புழு, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஊட்டக்குறைவு ஆகியன தோட்ட மருத்துவமனைகளில் போருக்கு முன்பும் பின்பும் அன்றாடம் கண்ட நோய்கள். இரப்பர்க் காட்டின் ஈரமண்ணிலும் வெறுங்காலோடுதான் நடந்தனர். ஆகவே, சயாமிலிருந்து திரும்பியவர் தோட்ட டிரசரிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், அது 'தோட்டத்து நோய்' ஆகிவிட்டது. கைதியின் வளமான முன்வாழ்வு அவனுக்குச் சான்றாயிற்று. தமிழனின் வறிய முன்வாழ்வு அவனுக்கு எதிர்ச்சான்றாயிற்று. நோயின் காரணத்தைத் தனித்துப் பிரித்துக் காட்டு என்று கேட்கும் எந்த முறையிலும், ஏற்கெனவே நோயுற்றிருந்தவனே முதலில் தோற்பான். ஊகக் கொள்கையின் அருமை இதனால்தான் விளங்குகிறது. அது நோயின் ஊரைக் கேட்பதில்லை. அங்கே இருந்தாயா என்று மட்டுமே கேட்கின்றது.

கொடுக்கப்பட்டதும் கொடுக்கப்படாததும்

1951ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் விதி, நடுநிலை நாடுகளிலும் சப்பானின் நேச நாடுகளிலும் இருந்த சப்பானியச் சொத்துகளை அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின்வழி முன்னாள் போர்க்கைதிகளுக்குப் பகிர வழிவகுத்தது. அது படைத்துறையினர்க்கே உரியது. தொழிலாளர் அதனுள் அடங்கார். மலேசிய அரசும் சப்பானிய அரசும் 1967 செப்டம்பர் 21ஆம் நாள் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் செய்தன. 'இரத்தக் கடன்' என்று மக்கள் வழங்கிய கோரிக்கைக்கு விடையாக 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும் தரச் சப்பான் இசைந்தது; அதன்வழி இரண்டு கப்பல்கள் கிடைத்தன. போர்க்கால நிகழ்வுகள் பற்றிய வினாக்கள் யாவும் முழுமையாக முடிவுற்றன என்பது அதன் வாசகத்தின் கருத்து. சீனர் படுகொலையை முன்னிட்டு எழுந்த அக்கோரிக்கையில் இரயில்பாதைத் தொழிலாளரின் குரல் வலுவாக ஒலிக்கவில்லை. கப்பல்கள் நாட்டிற்குப் பயன்பட்டிருக்கலாம். ரெங்கத்து லயத்தில் புண்ணோடு கிடந்தவனுக்கு அவற்றால் கிட்டியது ஒன்றுமில்லை.

பிற நாடுகள் காலம் கடந்தேனும் தம் குடிமக்களுக்குக் கொடுத்தன. பிரிட்டிஷ் அரசு 2000 நவம்பரில் உயிரோடிருந்த முன்னாள் தூரகிழக்குக் கைதிகளுக்கும், மறைந்தவர்தம் துணைவியர்க்கும் பத்தாயிரம் பவுன் வழங்க முன்வந்தது. ஆஸ்திரேலியா 2001இல் 25,000 ஆஸ்திரேலிய வெள்ளி வழங்கியது. பிரிட்டிஷ் திட்டம் கூர்க்கா வீரர்களை முதலில் ஒதுக்கியது. அவர்கள் இலண்டன் உயர்நீதிமன்றத்தை நாடினர். அவ்வொதுக்கம் நியாயமற்றது என 2002 நவம்பரில் தீர்ப்பாயிற்று. அவர்கள் வென்றதற்கு அறம் மட்டும் காரணமன்று. படைப்பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. வழக்குத் தொடுக்க ஒருவர் முதலில் ஏட்டில் இருந்தாக வேண்டும்.

எஞ்சியுள்ள ஏடுகள்

1943இல் பதினைந்து வயதினராய்ச் சென்றவர் இன்று நூறு வயதை நெருங்குவர். மருத்துவப் பரிசோதனையால் இனி அறியக்கூடியது மிகக் குறைவு. நாம் காலந்தாழ்த்திவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லிவர்பூலில் பரிசோதனை நடந்த முப்பத்து நான்கு ஆண்டுகளிலும் இரயில்பாதைத் தமிழர் பலர் உயிரோடு இந்நாட்டிலேயே இருந்தனர். அவர்தம் துயரை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் பதிவு செய்தன. நம் புதினத்தார் செய்த அளவிற்கு நம் மருத்துவத் துறையோ வரலாற்றுத் துறையோ அன்று செய்யவில்லை. எம்போன்ற ஆய்வுத் துறையினரும் அக்குறைக்கு விலக்கல்லர். சப்பானிய ஆய்வாளர் மிசிக்கோ நக்காஹாரா மலாயாவின் ஆள்திரட்டலை ஆராய்ந்து எழுதியது நமக்கு ஒருவகையில் நாணம் தருவதே.

ஆயினும், முப்பது நாள் இருந்தார் என்று காட்டுவதற்கு வேண்டிய சான்றின் ஒரு வடிவம் தோட்டங்களில் இருந்திருக்கிறது. காலைப் பெரட்டில் கிராணி பெயர் அழைத்துக் குறிக்கும் செக்ரோல் ஏடே அது. ஒரு குடும்பத்தில் நால்வர் பெயர் 1943இன் நடுவில் நின்று, 1946இல் ஒருவர் பெயர் மட்டும் மீண்டும் தொடங்குமாயின், அவ்விடைவெளி பேசும். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின. அலுவலகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சிய ஏடுகள் பழைய நிறுவனங்களின் கிடங்குகளிலோ, ஓய்வுபெற்ற கிராணிகளின் வீட்டுப் பரண்களிலோ கிடக்கலாம். அத்தகைய ஏடு எதனையேனும் வைத்திருப்போர், அதனை எடைக்குப் போடுமுன், 1942 முதல் 1946 வரையிலான பக்கங்களைப் படியெடுத்து ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சேர்க்குமாறு வேண்டுகிறோம். தாத்தாவோ பாட்டியோ சயாமுக்குச் சென்று மீண்டவர் என்று அறிந்த குடும்பத்தினர், அவர் எந்தத் தோட்டம், எந்த நிலையத்தில் வண்டியேறினார், திரும்பியபின் என்ன நோயால் வருந்தினார், எவ்வாறு மறைந்தார் என்பனவற்றைத் தேதி தெரிந்த அளவிற்கு எழுதிவைத்தல் நலம். காலில் தழும்பு இருந்ததா என்பதையும், இடுப்பில் அரிப்புத் தடிப்பு வந்து வந்து போயிற்றா என்பதையும் விடாமல் குறிக்கவேண்டும்.